ஒன்றரை மணிக்கும் நாலேகால் மணிக்கும் நடுவில்

1956ஆம் ஆண்டு என்றதும் இந்நாட்டுத் தமிழர் நெஞ்சில் எழும் இலக்கம் ஒன்றே. அது 33. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தின் இலக்கம் அது. அதைப் பற்றி எழுத வேண்டியவை இன்னும் உண்டு. எனினும் இன்று எழுத வந்தது வேறு. அதே ஆண்டின் சட்டத் தொகுதியை மேலுஞ் சிறிது தூரம் புரட்டிச் சென்றால் 46, 47 எனும் இரு சட்டங்கள் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். 46 மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம். 47 பெண்களையும் இளைஞர்களையும் பிள்ளைகளையும் வேலைக்கமர்த்துவது பற்றிய சட்டம். ஒரே ஆண்டில், ஒரே பாராளுமன்றத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த இவ்விரண்டும் அயல் வீட்டார்போல் அருகருகே இருக்கின்றன. ஆயினும் ஒன்றையொன்று ஒருநாளும் முகம் பார்த்ததில்லை. இவ்விரு வீட்டுக்கும் நடுவேயுள்ள வேலியில் அகப்பட்டு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியே எழுதுகின்றேன்.

அவர் என் கந்தோருக்கு வந்தது சத்தியக்கடதாசி ஒன்று முடிப்பதற்காக. இளைய பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்க வேண்டும். வசிப்பிடத்தை நிறுவ வேண்டும். மின்கட்டணச் சீட்டு, காணி உறுதியின் பிரதி, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். வீடு துறைமுகத்தின் ஒரு பக்கம். வேலை சீனன்குடாவையும் கடந்து, வயலும் பட்டியுமான மறுபக்கம். “வேலைத்தலத்துக்கு அருகில் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்க இயலாதா?” என்று கேட்டார். அனுமதி விதிகளில் வசிப்பிடத்துக்குப் புள்ளி உண்டு. பழைய மாணவரின் பிள்ளைக்கு உண்டு. அங்கே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புக்கு உண்டு. தாயின் பணியிடம் அருகில் இருக்கின்றது என்பதற்குப் புள்ளி இல்லை. அதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார்.

“ஐயா, மாடு என்ர நேரத்துக்குக் கண்டு போடாது. பள்ளிக்கூடமும் மாட்டின்ர நேரத்துக்கு விடாது. நான் ரெண்டுக்கும் நடுவில நிக்கிறன்.”

சட்டம் படித்தவன் நான். இந்த வழக்கை இதைவிடச் சுருக்கமாக எடுத்துரைக்க என்னால் இயலாது.

அவருடைய தொழில் யாது? கால்நடைகளுக்குத் தாதிப் பணி. ஊசி போடுவதற்குப் பிடித்துக் கொடுப்பது முதல், கன்று ஈன்றபின் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து நிலத்தில் வீழ்ந்துவிட்ட பசுவின் கழுத்து நாளத்திற் கல்சியம் மருந்து மெல்ல மெல்ல இறங்கும்வரை போத்தலை உயர்த்திப் பிடித்து, அதன் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே நிற்பது வரை அவர் வேலை. மருந்து விரைந்து இறங்கினால் இதயம் நின்றுவிடும். தாமதித்தாலும் பசு பிழையாது. செயற்கை முறைச் சினைப்படுத்தலை எடுத்துக்கொள்வோம். விந்து, சைபருக்குக் கீழே 196 பாகை குளிர்ந்த திரவ நைதரசனில் உறைந்து கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிட அளவில் இளக்கி, தாமதமின்றி உட்செலுத்த வேண்டும். எப்போது செலுத்துவது? பால் வளர்ப்போர் அனைவரும் அறிந்த கணக்கு அது: காலையிற் சினைப்பருவம் கண்ட பசுவுக்கு மாலையில், மாலையிற் கண்டதற்கு மறுநாட் காலையில். ஒரு வேளை தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத் தீனியும் தவறிய பாலும் பட்டிக்காரன் தலையில்.

காலையும் மாலையும்! பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, சப்பாத்துப் போட்டு அனுப்பும் காலையும், பாடங் கேட்டு, வீட்டு வேலை செய்வித்து, உறங்கவைக்கும் மாலையுமே அவருடைய தொழிலின் உயிர் நேரங்கள். பகல் நடுவில் மாடு மேய்ச்சலில் நிற்கும். பிள்ளை பள்ளியில் இருக்கும். தாய் வீட்டில் இருக்க வேண்டிய வேளைகள் எவையோ, அவ்வேளைகளிலேதான் தொழில் கூப்பிடுகின்றது.

இனி அரசின் கடிகாரத்தைப் பார்ப்போம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகின்றது, சிறு வகுப்புகள் அதற்கு முன்னரே விடப்படுகின்றன. அரச கந்தோர் 8.30க்குத் தொடங்கி 4.15க்கு முடிகின்றது. ஒன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையே இரண்டே முக்கால் மணி நேரம். இந்த இரண்டே முக்கால் மணி நேரம் யாருடையது? பாடசாலை தன் கடமை முடிந்தது என்கின்றது. கந்தோர் தன் கடமை முடியவில்லை என்கின்றது. பிள்ளையோ தெருவில் நிற்கின்றது. பாட்டி உள்ள வீட்டில் பாட்டி வருகின்றார். முச்சக்கரவண்டிக்குக் காசு உள்ள வீட்டில் வண்டி வருகின்றது. இரண்டும் இல்லாத வீட்டில் தாய் வேலையை விடுகின்றார். இந்நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களிற் பத்தில் மூவர் அளவினரே தொழிற்படையில் உள்ளனர் என்பதைப் பொருளியலார் பல காரணங்களால் விளக்குவர். அக்காரணங்களில் ஒன்று, ஒன்றரை மணிக்கு அடிக்கும் அந்த மணி.

இது ஆசிரியைக்கும் எழுதுவினைஞருக்கும் உள்ள துன்பந்தானே, கால்நடைத் தாதிக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். கேட்கட்டும். ஆசிரியையின் மணியும் பிள்ளையின் மணியும் ஒன்றே. எழுதுவினைஞரின் கோப்பு இரவில் முக்கி முனகுவதில்லை. வைத்தியசாலைத் தாதிக்கு இரவுப் பணி உண்டு. ஆனால் முறை வகுத்த இரவுப் பணி அது. எந்தக் கிழமை பகல், எந்தக் கிழமை இரவு என்று முன்கூட்டியே சுவரில் தொங்கும். அத்தாதிக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் உண்டு. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் முதலே தாதியருக்குப் பதிவு இருந்தது. 1988இல் அவர்களுக்கெனத் தனி மன்றச் சட்டமே வந்தது. 1956இன் 46ஆம் இலக்கச் சட்டம் வைத்தியரை அறியும். வைத்தியருக்கு அருகில் நின்று உயிரைத் தாங்கும் தாதியை அறியாது. குண்டசாலைக் கால்நடை வளர்ப்புப் பாடசாலையிற் பயின்று வெளிவருவோர் போதனாசிரியர் ஆகின்றனர், அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகின்றனர். நகரத்துப் பிராணி வைத்திய நிலையங்களிற் கைப்பழக்கத்தாற் கற்ற இளம் பெண்கள் ‘உதவியாளர்’ எனப்படுகின்றனர். தாதி என்ற பெயர் இருசாராருக்கும் இல்லை.

பெயரில் என்ன இருக்கின்றது என்பார் சட்டம் அறியாதார். பிரித்தானியாவின் கதையைக் கேளுங்கள். அங்கே 1961இல் கால்நடைத் தாதியருக்குப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது அவர்களைத் ‘தாதி’ என்று அழைக்கச் சட்டம் இடங் கொடுக்கவில்லை. அப்பெயர் மனிதருக்குப் பணிவிடை செய்வோருக்கே உரியது என்றனர். ஆகவே ‘பிராணிப் பராமரிப்புத் துணையாளர்’ என்ற பொருள்படும் நீண்ட பெயர் ஒன்று சூட்டப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேல் போராடி 1984இலேதான் ‘மிருக வைத்தியத் தாதி’ என்ற பெயரைப் பெற்றனர். 1991இல் அத்தாதியர் இன்னின்ன சிகிச்சைகளைச் செய்யலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. பெயர் முன்னே வந்தது. அதிகாரம் பின்னே வந்தது. பெயரில்லாதவருக்கு வேலை நேரம் வகுப்பது எங்ஙனம்? பதிலாள் நியமிப்பது எங்ஙனம்? மேலதிக வேலைக்குக் கூலி கேட்பது எங்ஙனம்?

அயல் வீட்டுக்கு, அதாவது 47ஆம் இலக்கச் சட்டத்துக்கு வருவோம். கைத்தொழில் நிலையங்களிற் பெண்கள் இரவில் வேலை செய்வதை அது கட்டுப்படுத்திற்று. 1984இல் அது தளர்த்தப்பட்டபோதும் பெண்ணின் சம்மதம், தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி, ஓய்வறை எனக் காவல்கள் வைக்கப்பட்டன. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு இக்காவல்கள் கிடைத்தன, நன்று. ஆனால் மாட்டுக்கொட்டில் கைத்தொழில் நிலையம் அன்று. நள்ளிரவில் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே கிடக்கும் கன்றைத் திருப்ப முழங்கை வரை கையிட்டு நிற்கும் பெண்ணை அச்சட்டம் காணவில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமோ 1939ஆம் ஆண்டினது. மூன்றாம் பிள்ளைக்கும் முதற் பிள்ளையைப் போல் 84 நாள் விடுமுறை என்ற நீதி அதில் ஏறுவதற்கு 2018 வரை காத்திருந்தோம். அச்சட்டம் பாலூட்டும் இடைவேளையை ஒரு வயது வரை தருகின்றது. அதன்பின் மௌனம்! சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளை ஒரு வயதோடு வளர்ந்துவிடுகின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கும், புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தாய் தேவை என்பதைத் தொழிற் சட்டம் இன்னும் கேள்விப்படவில்லை. தந்தை தேவை என்பதையோ அது கனவிலும் எண்ணவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 1981இல் நிறைவேற்றிய 156ஆம் இலக்கச் சமவாயம் குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர் என்று ஆணையும் பெண்ணையும் சேர்த்தே பேசுகின்றது. இதை நம் சட்டவாக்கத்தார் வாசித்துப் பார்ப்பது நன்று.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது யாரோ ஓர் உத்தியோகத்தர் வீட்டுக் கதை என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள். 2022 டிசம்பர் முற்பகுதியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்து மாண்டன. திருகோணமலை மாவட்டமும் அதிலிருந்து தப்பவில்லை. அன்று பட்டி பட்டியாக நடந்து, செத்ததை எண்ணி, மாதிரி எடுத்து, சாகக் கிடந்ததைச் சாக்குப் போர்த்திச் சூடேற்றியவர்கள் இந்தக் களப் பணியாளர்களே. பயிற்சி பெற்ற ஒரு பெண் முப்பத்தைந்து வயதில், கை நன்றாகப் பழகிய பருவத்தில், பள்ளி மணியின் பொருட்டு வேலையை விட்டால் நட்டம் யாருக்கு? தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமைத் தயிர்ச் சட்டி அடுக்கி வாழும் குடும்பங்களுக்கே. புதிதாக வருபவர் உங்கள் மாட்டை அறிய இரண்டு மாரி கழியும்.

தாய்மாரின் பதற்றம் வீண் பதற்றம் என்றும் எவரும் சொல்ல வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியிற் பாலம் கட்டி முடியாதிருந்த வேளையில், மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டனர். ஆறும் களப்பும் கடலும் வெட்டிப் பிரித்த மாவட்டம் இது. பிள்ளை ஒரு கரையிலும் தாய் மறு கரையிலும் இருக்கும்போது தொலைபேசி அடித்தால் நெஞ்சு திடுக்கிடாதா?

பரிகாரம் உண்டா? உண்டு. பெரும்பாலானவற்றுக்குப் புதுப் பணமும் வேண்டியதில்லை. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபைப் பட்டியலைப் பாருங்கள். கால்நடை வளர்ப்பு அதில் இருக்கின்றது. கல்வியும் அதில் இருக்கின்றது. பள்ளி மணியும் மாட்டுக்கொட்டிலும் ஒரே பட்டியலில்! இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசக் கிழக்கு மாகாண சபைக்குத் தடை யாது இருந்தது? 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. அது வேறு வழக்கு. சபை இருந்த காலத்திலும் இதை எவரும் பேசவில்லை என்பதை நம்மவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உட்பட.

ஒரு வைத்தியப் பிரிவில் இரு களப் பணியாளர் இருப்பின், ஒருவர் அதிகாலையும் முற்பகலும், மற்றவர் பிற்பகலும் மாலையும் என முறை வகுக்கலாம். கிழமைக்குக் கிழமை மாற்றலாம். பசுவுக்குக் காலையும் மாலையும் ஆள் கிடைக்கும். பிள்ளைக்கு ஒருவேளையாவது தாய் கிடைப்பார். கந்தோர் நேரம் கல்லில் வெட்டியது என்று பயமுறுத்த வேண்டாம். 2022 ஜூனில் எரிபொருள் இல்லாதபோது, அரச ஊழியர் வீட்டில் பயிரிடட்டும் என்று வெள்ளிக்கிழமையையே விடுமுறையாக்க அமைச்சரவை அனுமதி அளிக்கவில்லையா? கத்தரிச் செடிக்காக வளைந்த நேரம் பிள்ளைக்காக வளையாதா? பாடசாலையில் ஒன்றரைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறை ஒன்றைத் திறந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை அமர்த்திப் பிள்ளைகளை நாலரை வரை வைத்திருக்கலாம். அனுமதி விதியிற் பணியிடத்துக்கும் புள்ளி சேர்க்கலாம். 46ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தித் தாதிக்குப் பெயர் கொடுப்பது மட்டும் பாராளுமன்றத்தின் வேலை. அங்கே நம் பிரதிநிதிகள் இருக்கின்றனர்.

நாமும் செய்ய வேண்டியவை உண்டு. விடியற்காலையிற் சினைப்பருவம் கண்டால் அப்போதே சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு அவசரம் என்று கூப்பிடாதீர்கள். அவர் வரும்போது மாடு மேய்ச்சலில் நில்லாது கட்டையில் நிற்கட்டும். அவர் கணவர்மாருக்கும் சொல்வேன்: ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பது ஆண்மைக்கு இழுக்கு அன்று. நீதிமன்றம் பிற்பகலில் எழுந்தபின் வழக்கறிஞர் அறையில் அரட்டை அடித்திருந்த ஆண்டுகளில், என் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நான் எத்தனை நாள் நின்றேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாக இருக்கின்றது.

மேற்சொன்னவற்றுள் பணிமுறை, பிற்பகல் வகுப்பறை, அனுமதிப் புள்ளி ஆகிய மூன்றையும் ஒரு மனுவாக வரைந்திருக்கின்றேன். பெண் உத்தியோகத்தர் கையொப்பமிட்டால் மேலிடத்துக் கோபம் வருமோ என அஞ்சுகின்றனர், அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே முதற் கையொப்பங்கள் பட்டிக்காரரிடமிருந்தும் பாற்பண்ணையாளர் சங்கங்களிடமிருந்தும் வரவேண்டும். தம்பலகாமத்திலிருந்து தொடங்குகின்றோம்.