நூறு பொன்னுக்குக் கிடைக்கும் மறுபிறவி

நண்பர் ஒருவரோடு சென்ற மாதம் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. 2023ல் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் விதர்ஸ் என்றொரு பாத்திரம் உண்டு. பழங்காலக் கல்லறையிலிருந்து எழுந்துவரும் உலர்ந்த உடல் அது. நூறு பொற்காசுகளை அதனிடம் கொடுத்தால், நம் பாத்திரம் அதுவரை எதுவாக இருந்ததோ அதைத் துடைத்துவிட்டு வேறொன்றாக ஆகிவிடலாம். போர்வீரன் மந்திரவாதியாகலாம், பூசகி திருடியாகலாம். “இந்தத் துறை கண்டடைந்த மிக நாகரிகமான விஷயம் இதுதான்” என்றார் நண்பர். அதன் மிகப்பெரிய தோல்வியே இதுதான் என்பது என் தரப்பு. அதை விரிவாகச் சொல்லிப்பார்க்கவே இக்கட்டுரை.

பாத்திரமேற்று ஆடும் மிகைபுனைவு விளையாட்டுகளுக்குப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறு முன்கதை. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு. அதில் ஆடுபவன் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது தன் ‘கிளாஸ்’ என்ன என்பதை. இங்கே அதை வகுப்பு என்றே குறிப்பிடுகிறேன். தொடக்கத்தில் இருந்தவை மூன்றே வகுப்புகள்: போர்வீரன், மந்திரவாதி, பூசகர். அடுத்த ஆண்டே திருடனும், பாலடின் எனப்படும் அறவீரனும் வந்து சேர்ந்தனர். இன்றைய கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் அந்த விதிப்புத்தகங்களின் வாரிசுகள்.

அந்தப் பழைய மந்திரவாதியைக் கவனியுங்கள். அவனால் கவசம் அணிய முடியாது, வாளேந்த முடியாது. காலையில் மனனம் செய்த மந்திரத்தை ஒருமுறை உச்சரித்ததும் அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் 1950ல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ நூலின் உலகத்திலிருந்து எடுக்கப்பட்ட கற்பனை இது. மந்திரம் என்பது மனித மூளை தாங்கமுடியாத எடைகொண்டது என்று தொன்மம் சொல்கிறது. ஒருமுறைக்கு மேல் சொல்லமுடியாது என்று விதி சொல்கிறது. இரண்டும் ஒரே வாக்கியம்தான். முதலாவதை வாசிக்கிறோம், இரண்டாவதைக் கைகளால் அனுபவிக்கிறோம்.

விளையாட்டில் எழுதப்பட்ட கதை ஒன்றைச் சொல்லி, விதி வேறொன்றைச் செய்தால், ஆடுபவன் நம்புவது விதியைத்தான். கதை என்பது அங்கே வாக்குறுதி. விதி என்பது நடத்தை. மனிதர்களிடத்தில் நாம் எதை நம்புகிறோமோ அதையே இங்கும் நம்புகிறோம். ஆகவே ஒரு வகுப்பு என்பது அது அளிக்கும் ஆற்றல்களின் பட்டியலல்ல. அது எவற்றை மறுக்கிறது, அந்த உலகம் அவனை எப்படி எதிர்கொள்கிறது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமாக நான் எப்போதும் சொல்வது 2011ல் வந்த ‘டிராகன் ஏஜ் 2’. அதன் தொன்மம் அபாரமானது. அங்கே மந்திரவாதியாகப் பிறப்பதே ஆபத்து. பேய்கள் மந்திரவாதியின் கனவு வழியாக அவன் உடலுக்குள் நுழைய முடியும். ஆகவே மந்திரவாதிகள் கோபுரங்களில் அடைத்துவைக்கப்படுகிறார்கள். டெம்ப்ளர்கள் என்னும் சமயவீரர்கள் அவர்களைக் காவல் காக்கிறார்கள், தப்பியவர்களை வேட்டையாடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொடிய குற்றம் குருதி மந்திரம். அச்சம், காவல், விடுதலை ஆகியவற்றைப் பற்றி எத்தனையோ பேசச் சாத்தியமுள்ள களம்.

ஆனால் நடப்பது என்ன? கதாநாயகன் ஹாக் எந்தக் கோபுரத்துக்கும் கட்டுப்படாத மந்திரவாதியாக இருக்கலாம். டெம்ப்ளர்கள் நிறைந்த கர்க்வால் நகரத் தெருக்களில் நின்று தீ மழை பொழியலாம். பக்கத்தில் நிற்கும் டெம்ப்ளர் திரும்பிப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட படிநிலையை அடைந்ததும் ஒரு பொத்தானை அழுத்திக் குருதி மந்திரவாதியாகவும் ஆகலாம். அதற்குக் கதையில் ஒரு நிகழ்வும் இல்லை. உச்சம் இதுதான்: ஹாக்கின் தாய் குருதி மந்திரம் பயிலும் ஒருவனால் கொல்லப்படுகிறாள். அவள் உடலை ஏந்தி அழும் மகன் அதே குருதி மந்திரத்தைச் சற்று முன்னர் நடந்த சண்டையில் பயன்படுத்தியவனாக இருக்கலாம். அவனுடைய அழுகையில் அதன் நிழல்கூட விழுவதில்லை. ஒரு நாவலாசிரியன் கனவிலும் தவறவிட மாட்டாத தருணம் அது.

அதற்கு முந்தைய, 2009ல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ சற்று மேல். அங்கே குருதி மந்திரத்தைக் கற்க, பேய் பிடித்த ஒரு சிறுவனை விலையாக வைத்து அந்தப் பேயோடு பேரம் பேசவேண்டும். அசலான அறச்சிக்கல். ஆனால் அங்கும் விதி பல்லை இளிக்கிறது. ஒருமுறை திறந்த வித்தை எல்லா ஆட்டங்களுக்கும் திறந்தே கிடக்கும். பேரத்தை முடித்துவிட்டு, அதற்கு முன் சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பினால் பாவம் அழிந்துவிடும், பலன் மட்டும் நிற்கும். ஆடுபவர்கள் இதை மிக விரைவில் கண்டுகொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உலகம் அப்படித்தான் என்று விதி அவர்களுக்குக் கற்பித்தது, அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

2011லேயே வந்த ‘ஸ்கைரிம்’ வகுப்புகளையே ஒழித்தது. எதை அதிகம் செய்கிறோமோ அதில் தேர்ச்சி பெறுவோம் என்பது அதன் விதி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலகில், விரல்விட்டு எண்ணத்தக்க எளிய மந்திரங்களை மட்டும் பிரயோகித்து, எஞ்சியதையெல்லாம் வாளால் வெட்டித்தள்ளிய ஒருவன் மந்திரவாதிகளின் கல்லூரிக்குத் தலைவனாக முடியும். அறிஞர்கள் வாழ்நாள் முழுக்க ஏடு புரட்டிய இடத்தில், நேற்று வந்த வாள்வீரன் தலைமை ஆசனத்தில் அமர்கிறான். எவரும் முகம் சுளிப்பதில்லை. எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் திறக்கும் வீட்டில் கதவு எதற்கு?

இனி நண்பரின் எதிர்வாதங்கள்.

முதலாவது, சமநிலை என்னும் வாதம். விளையாட்டு முதலில் விளையாட்டாக இருக்கவேண்டும், எந்த வகுப்பும் பின்தங்கக் கூடாது, தொன்மம் அதற்குப் பின்னால்தான் என்பது. பல்லாயிரம் பேர் ஒன்றாக ஆடும் இடத்தில் இந்தக் கவலை நியாயமானதே. 2004ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் பாலடின் ஒரு தரப்புக்கு மட்டும், ஷாமன் மறு தரப்புக்கு மட்டும் என்றிருந்தது. ஒரு தரப்பிடம் இருப்பது மறு தரப்பிடம் இல்லை என்ற புகார் ஓயவில்லை. 2007ல் இரண்டும் இரு தரப்புக்கும் அளிக்கப்பட்டன. ஆனால் எப்படி அளித்தார்கள் என்று பாருங்கள். புதிதாகப் பாலடின் ஆன குருதி எல்ஃபுகள் ஒளியை வேண்டிப் பெற்றவர்கள் அல்லர். ஒளியே உருவான ஓர் உயிரைச் சிறைபிடித்து, அதன் ஆற்றலை உறிஞ்சியவர்கள். கணக்கு வழக்கிலிருந்து பிறந்த மாற்றம் ஓர் இனத்தின் அகந்தையையும் வீழ்ச்சியையும் சொல்லும் கதையாக ஆனது. சமநிலைக்கும் கதைக்கும் பகை இல்லை என்பதற்கு இதுவே சான்று. ‘வழியில்லை’ என்பவர்கள் உண்மையில் சொல்வது ‘நேரமில்லை’ என்பதைத்தான்.

இரண்டாவது வாதம்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. “வகுப்பு என்ற சொல்லைக் கவனித்தீர்களா?” என்று கேட்டார் நண்பர். “வகுப்புவாதம் என்றும் வகுப்புவாரி உரிமை என்றும் நாம் பேசும் அதே வகுப்பு. நீ இன்னதைத்தான் செய்யலாம், இன்னதைத் தொடக்கூடாது என்று சொல்லும் அமைப்பை நம்மவர் எவரும் புகழலாமா? விதர்ஸ் உடைப்பது அந்தச் சுவரைத்தான்.”

வலுவான கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் என் தரப்பு நிற்காது. ஏனெனில் அந்தப் பழைய விதிப்புத்தகங்களில் அவர் சொல்லும் சுவர் உண்மையாகவே இருந்தது. பாலடின் ஆவதற்கு மனிதனாகப் பிறந்திருக்க வேண்டும். 1981ல் வந்த அடிப்படைப் பதிப்பில் குள்ளன் என்பதும் எல்ஃப் என்பதுமே தனி வகுப்புகள், பிறப்பே தொழில். 1998ல் வந்த முதல் ‘பால்டர்ஸ் கேட்’டிலும் மனிதனல்லாத பாலடின் கிடையாது. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தடைகளை நீக்கியது. 2024ன் விதிப்புத்தகம் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிட்டு, பிறப்போடு ஒட்டியிருந்த திறன் மதிப்பெண்களையும் அகற்றிவிட்டது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் நான் வரவேற்கிறேன். அவை இன்னும் முன்னரே வந்திருக்கவேண்டும்.

ஆனால் பிறப்பு இடும் தடை வேறு, சபதம் இடும் தடை வேறு. மகாபாரதத்தில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. பரசுராமரிடம் பிறப்பை மறைத்து வித்தை கற்றான் கர்ணன். மிகத் தேவையான கணத்தில் அது மறந்துபோகும் என்று சாபம் பெற்றான். அந்தத் தடை அவன் கேட்டுப் பெற்றதல்ல. அதை எண்ணும்போது நமக்கு எழுவது சினம். பீஷ்மரோ தன் தடையைத் தானே விதித்துக்கொண்டவர். அரியணை வேண்டாம், மணம் வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரு சொல் ஒரு குலத்தின் வரலாற்றையே வளைத்தது. விதர்ஸிடம் நூறு பொன் கொடுத்துப் பீஷ்மர் தன் சபதத்தை மாற்றிக்கொண்டிருந்தால் அம்பையின் வஞ்சம் இல்லை, சிகண்டி இல்லை, அம்புப்படுக்கை இல்லை. கர்ணனுக்கு இழைக்கப்பட்டதை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பீஷ்மரையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

‘பால்டர்ஸ் கேட் 3’ இதை அறியாத விளையாட்டல்ல என்பதுதான் வருத்தம். அதில் பாலடின் சபதத்தை மீறினால் உண்மையாகவே ஏதோ நிகழ்கிறது. சபதம் முறித்த வீரன் ஒருவன் இரவில் கூடாரத்துக்கு வந்து பேசுகிறான். ஆற்றல்கள் வேறாகின்றன. விதியும் கதையும் ஒன்றாகும் அருமையான இடம் அது. அடுத்த நிமிடமே அந்த வீரன் ஆயிரம் பொன்னுக்குச் சபதத்தைத் திருப்பித் தருகிறான். விதர்ஸைவிடப் பத்து மடங்கு விலை, அவ்வளவே. கேல் என்னும் தோழனின் வாழ்வே மந்திரத்தின்மீது அவன் கொண்ட பேராசையாலும் அதன் விளைவாலும் ஆனது. நண்பர் அவனைக் கோடரி ஏந்தும் காட்டுவீரனாக மாற்றியிருந்தார். அவன் அப்போதும் மந்திரத்தின் மகிமையைப் பற்றி உருகிக்கொண்டிருந்தான்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999ல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’டின் நாயகன் சாக முடியாதவன், தன் பெயரை மறந்தவன். பிணவறையில் கண்விழிக்கிறான். அவனும் வகுப்பு மாறலாம். ஆனால் அவன் மாறமுடிவது எண்ணற்ற வாழ்வுகளை வாழ்ந்து, கற்றதையெல்லாம் மறந்தவன் என்பதால். மாறும் சுதந்திரமே அவன் பெற்ற தண்டனை. மந்திரவாதியாக விரும்பினால் குப்பை பொறுக்குவோர் வாழும் சதுக்கத்தில் மெபெத் என்னும் கிழட்டு மருத்துவச்சியிடம் போகவேண்டும். அவள் உடனே கற்பிப்பதில்லை. சில்லறை வேலைகளுக்கு ஓடவிடுகிறாள். அவை முடிந்தபின், அவற்றிலிருந்து என்ன கற்றாய் என்று கேட்கிறாள். பல வருடங்களுக்கு முன் அறைத்தோழனின் கணினியில் அதை ஆடியபோது எரிச்சலோடு அலைந்தேன். அந்தக் கேள்வி வந்தபோது சட்டென்று வெட்கமாக இருந்தது. ஒரு குருவின் முன் நிற்பதன் வெட்கம்.

வேலைக்குப் போய்வந்து இரவில் ஒருமணிநேரம் ஆடுபவன், நாற்பது மணிநேரத்துக்குப் பிறகு தொடக்கத்தில் செய்த தேர்வு தவறென்று உணர்ந்தால் என்ன செய்வான் என்று நண்பர் கேட்கிறார். மாறட்டும். ஆனால் அந்த உலகம் அவன் மாறியதை அறியட்டும். தோழர்களில் ஒருவனாவது ஏன் என்று கேட்கட்டும். கைவிட்ட தெய்வம் ஒருமுறையாவது கனவில் வரட்டும். ஒரு மெபெத் அவனை வேலை ஏவட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். கோடிக்கணக்கில் செலவழித்து ஒவ்வொரு புல்லையும் காற்றில் அசையவைப்பவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேலை மறுபடியும் மந்திரவாதியாக்கிவிட்டதாக நேற்று சொன்னார். அதற்கு அவருக்கு நூறு பொன் ஆயிற்று. கேல் எதுவும் கேட்கவில்லையாம்.