ஆல்பர்ட் அரங்கும் ஆண்டனி கொன்சால்வஸும்

1974 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரென் இசைக்குழுவின் பின்னணியோடு லதா மங்கேஷ்கர் பாடினார். நேரடியாகப் பதிவான அந்நிகழ்ச்சி பின்னர் எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. அண்மையில் அதை மறுபடியும் முழுமையாகக் கேட்டேன். திலீப் குமாரின் அறிமுக உரை முடிந்ததும் எழும் கரவொலி ஓய்வதற்குக் காத்திருந்து பாடத் தொடங்குகிறது, நாற்பத்து நான்கு வயதுக் குரல். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிசகினால் மறுபடி பாடிக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழியில்லை. திரைத்தட்டுகளில் கேட்கக் கிடைக்காத அந்த ஒற்றை வாய்ப்பின் பதற்றமே இத்தட்டின் உயிர் என்பேன்.

ஆனால் இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் அரங்கில் வெள்ளைக்காரர்களின் வயலின்களோடு ஒலித்ததால் நம் பாட்டுக்கு மதிப்பு கூடிவிட்டதாம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோதும் நம்மவர் பலர் இசையை விட்டுவிட்டு அரங்கத்தைக் கொண்டாடினர். சிம்பொனிக்காவது அத்தகைய குழு இன்றியமையாதது. லதாவின் பாடல்களோ பிறக்கும்போதே வயலின்களோடு பிறந்தவை.

இதைச் சொல்ல எனக்கு ஊர் சார்ந்த காரணமும் உண்டு. எங்கள் வேம்பார் முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களுள் ஒன்று. 1530களில் போர்ச்சுகீசியர் வழியாகக் கத்தோலிக்கம் வந்து சேர்ந்த கரை. பையன்களாயிருந்த நாளில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் லதாவைக் கேட்போம். கொழும்பிலிருந்து கடல் தாண்டி வருகிற குரல். காற்றுக்கேற்ப மங்கும், தெளியும். சொல் ஒன்றும் விளங்காது. ஆயினும் இடையில் எழும் வயலின்கள் மட்டும் ஏதோ தெரிந்தவர்களைப் போலிருக்கும், ஞாயிறு காலையில் கோயிலில் கேட்டவை என்பதுபோல. அது வெறும் பிரமையன்று என்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

பம்பாய்த் திரையிசையின் வாத்தியக்காரர்களில் கணிசமானோர் கோவாக் கத்தோலிக்கர்கள். போர்ச்சுகீசியர் காலத்துப் பங்குப் பள்ளிகளில் இசைக்குறிப்பை வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் கற்றவர்கள். இசையமைப்பாளர் மெட்டமைப்பார், அதற்குரிய வாத்தியப் பகுதிகளைத் தாளில் எழுதி வாசிக்க வைத்தவர்கள் இவர்களே. சங்கர் ஜெய்கிஷனின் பிரம்மாண்டம் என்று நாம் வியப்பதில் செபாஸ்டியன் டிசோசாவுக்குப் பெரும்பங்கு உண்டு. தட்டின் உறையில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மஜோர்டா கிராமத்தில் கோயில் பாடற்குழுத் தலைவரின் மகனாகப் பிறந்த ஆண்டனி கொன்சால்வஸின் கதை இன்னும் கசப்பானது. இந்துஸ்தானி ராகங்களை மேலையிசைக் குழுவுக்காக எழுதவேண்டும் என்பது அவர் கனவு. 1958இல், ஆல்பர்ட் அரங்கு நிகழ்ச்சிக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, இந்திய சிம்பொனி இசைக்குழு ஒன்றைத் திரட்டி, பம்பாய் புனித சேவியர் கல்லூரி முற்றத்தில் அதை மேடையேற்றினார். உடன் பாடியவர்கள் மன்னா டேயும், ஆம், இதே லதாவும்தான்! லண்டன் நிகழ்ச்சியைச் சொல்லாத லதா கட்டுரை அரிது. சேவியர் கல்லூரி முற்றத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள் படித்திருப்போம்?

கொன்சால்வஸ் 2012 ஜனவரியில் காலமானார். அவரிடம் வயலின் பயின்ற பியாரேலால், 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி'யில் அமிதாப் பச்சன் ஏற்ற பாத்திரத்துக்குத் தம் குருவின் பெயர் அமையச் செய்தார். நாடு முழுவதும் அந்தப் பெயரைப் பாடித் தீர்த்தது, அது ஓர் உண்மையான மனிதனின் பெயர் என்று அறியாமலே. வேம்பாரில் நாங்களும் அப்படித்தான் பாடித் திரிந்தோம்.