23-ஐ உடைக்கத் தெரியுமா?

உங்க வீட்டுல எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்களா? அப்போ இந்த வாரப் பக்கம் அவங்களுக்கு. நமக்கு அந்த பஸ் போயாச்சு பாஸ்! காலேஜ்ல சேர்ந்துட்டா சர்வதேச கணித ஒலிம்பியாட் எழுத முடியாது. ஆனா, பஸ்ஸுல ஏத்தி விடலாமே? காடாம்புலியூர் மாதிரி ஊர்ல, முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு 'இப்படி ஒரு பரீட்சை இருக்கு'னு சொல்ற முதல் ஆள், காலேஜ் போற அண்ணனாவோ அக்காவாவோதான் இருக்க முடியும்.

முதல்ல ஒரு குழப்பம் தீரட்டும். ஸ்கூல்ல காசு கட்டி எழுதினா கிளாஸுக்கு நாலு மெடல் தர்ற 'ஒலிம்பியாட்' வேற. இது ஐ.ஓ.க்யூ.எம்.ல ஆரம்பிக்குது. 3 மணி நேரம், 30 கேள்வி, எல்லா விடையும் முழு எண், நெகட்டிவ் மார்க் இல்ல. எட்டாவதுலேர்ந்தே எழுதலாம். தாண்டினா ஆர்.எம்.ஓ., அப்புறம் ஐ.என்.எம்.ஓ., பயிற்சி முகாம், கடைசியில ஆறு பேர் கொண்ட இந்திய டீம். 2024-ல இங்கிலாந்தின் பாத் நகரத்துல அந்த ஆறு பேர் 4 தங்கம், 1 வெள்ளியோட நாலாவது இடம் பிடிச்சாங்க.

உடனே 'தங்கம்தான் டார்கெட்'னு சுவத்துல ஒட்ட வைக்காதீங்க. அங்கே மொத்தம் ஆறு கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் 7 மார்க். எழுதுறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் மெடல். தங்கம் பன்னிரண்டுல ஒருத்தருக்கு. எனக்குப் பிடிச்ச விதி வேற ஒண்ணு. மெடல் கிடைக்காட்டியும், ஒரே ஒரு கணக்கை 7-க்கு 7 வாங்குற மாதிரி முழுசா முடிச்சிருந்தா, சிறப்புச் சான்றிதழ் உண்டு. காடாம்புலியூர் தம்பிக்கு டார்கெட் இதுதான்: இந்த வருஷத்துக்குள்ள ஒரு கணக்கு, ஓட்டையே இல்லாம. வெண்கலம்னாலும் கேவலம் இல்ல. நம்ம தமிழ்க் குடும்பத்துப் பையன் அக்‌ஷய் வெங்கடேஷ், 1994-ல 12 வயசுல ஆஸ்திரேலியாவுக்காக வாங்கினது வெண்கலம்தான். 2018-ல ஃபீல்ட்ஸ் மெடலே வாங்கிட்டார்.

முழுசான்னா என்ன? 23-ஐ எடுத்துக்கோங்க. 1, 8, 27 மாதிரி கன எண்களைக் கூட்டி 23 வரணும், எண்ணிக்கை குறைவா இருக்கணும். ரெண்டு 8, ஏழு 1... ஆக ஒன்பது. ஐ.ஓ.க்யூ.எம்.ல '9'னு குறிச்சா போதும், மார்க் வந்துடும். ஆர்.எம்.ஓ.ல 'ஏன் எட்டுல முடியாது?'ன்னும் எழுதணும். 27 பெருசு, மூணு 8 போட்டா 24 ஆயிடும், அதனால ரெண்டுக்கு மேல 8 வராது, ஒரு 8-ஐ எடுத்தா எட்டு 1 வைக்கணும். இந்த ரெண்டு வரிக்குத்தான் மார்க்கே!

எந்த எண்ணா இருந்தாலும் இப்படி ஒன்பது கன எண் போதும். சரி, ஆறாம் அடுக்குன்னா எத்தனை வேணும்? 73-னு 1940-ல நிரூபிச்சவர் எஸ்.எஸ்.பிள்ளை. அப்போ அவருக்கு வேலை எங்கேன்னு நினைக்கிறீங்க? வடலூர் வழியா பஸ் பிடிச்சா போய்ச் சேருற நம்ம சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல! அந்த கேம்பஸ்லயே நாலு வருஷம் சுத்துற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்டக்ரேஷனெல்லாம் இதுக்கு வேண்டாம். எண்ணியல், வடிவியல், இயற்கணிதம், எண்ணிப் பார்க்கிற கணக்கு, அவ்ளோதான். பழைய கேள்வித்தாள் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தோட வெப்சைட்ல ஓசியிலேயே இருக்கு. நீங்க செய்ய வேண்டியது ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். ஒரே கணக்கு, விடையைப் பார்க்கத் தடா. தம்பி எழுதினதைப் படிச்சு 'இந்த வரி எப்படி வந்துச்சு?'னு குடைஞ்சுக்கிட்டே இருங்க. உங்களுக்கு விடை தெரியாம இருந்தா இன்னும் நல்லது.

'இதனால என்னடா பிரயோஜனம்?'னு அப்பா கேட்பார். சென்னை ஐ.ஐ.டி. 2025-26-லேர்ந்து, ஒலிம்பியாட்ல கலக்குறவங்களுக்கு ஜே.இ.இ. ரேங்க் இல்லாமலே சேர ஒரு தனி வழி திறந்திருக்குன்னு சொல்லுங்க. சீட் ரொம்பக் கொஞ்சம்தான், அதையும் மறைக்காம சொல்லிடுங்க.

ஐ.ஓ.க்யூ.எம். வழக்கமா செப்டம்பர்ல வரும். அதுவரைக்கும் தம்பிக்கு ஒரு வேலை: 23 மாதிரியே ஒன்பது கன எண் கேட்டு அடம்பிடிக்கிற எண் இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. 200-க்கும் 250-க்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கு. பிடிச்சுட்டு வரச் சொல்லுங்க!