வேகமா, வலுவா? விலை கொடுப்பது யார்?

"ரோபோ கேம் விளையாடும் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை எதற்கு?" என்று உம்மா கேட்பார். அந்த விளையாட்டிலிருந்து பரீட்சைக்கே ஒரு பாடம் கிடைத்தது என்றால் நம்பமாட்டார். ஆகவே எழுதிக் காட்டுகிறேன்.

விடுமுறையில் நானாவின் கணினியில் நான் விளையாடுவது 'ஆர்மர்ட் கோர் 6'. ஜப்பானிய நிறுவனமொன்று 2023 ஓகஸ்டில் வெளியிட்டது. ராட்சதப் போர் ரோபோவை நாமே பூட்ட வேண்டும். தலை, உடல், கை, கால், மின்பிறப்பாக்கி எல்லாம் தனித்தனி. கைகளிலும் தோள்களிலுமாக நான்கு ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு, மின்சாரமும் தேவை. எடை கூடினால் வேகம் குறையும். மின் தேவை பிறப்பாக்கியின் அளவைத் தாண்டினால் களத்தில் இறங்கவே முடியாது.

வேகமா, தாக்குவலுவா என்பதுதான் விளையாடுபவர்களின் ஓயாத விவாதம். அந்தக் கேள்வியே அரைகுறையானது என்பது என் கருத்து. இரண்டையும் ஒன்றாகப் பெறலாம். ஆனால் அதற்கான விலையை மூன்றாவது ஒன்று கொடுக்கும். அதுதான் கவசம்.

நானும் அப்படித்தான் செய்தேன். உடலை மெலிதாக்கி, மிச்சமான எடையில் பெரிய துப்பாக்கிகளை ஏற்றினேன். பறந்தேன், அடித்தேன். முதல் அத்தியாயத்தின் இறுதியில் வரும் பால்டியஸ் ஏவுகணைகளைப் பொழிந்ததும் சில அடிகளிலேயே முடிந்துபோனேன். பல தடவை தோற்ற பிறகு ஒரு பெரிய துப்பாக்கியைக் கழற்றினேன். பால்டியஸின் ஒளிக்கவசத்தை உடைப்பதற்கென்றே பொருத்தமான பல்ஸ் துப்பாக்கியைப் பூட்டினேன். உடலையும் சற்றுத் தடிப்பாக்கினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வென்றேன்.

இது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1942 ஏப்ரல் 5இல் கொழும்புக்கும் 9இல் திருகோணமலைக்கும் மேலே ஜப்பானின் ஸீரோ போர்விமானங்கள் வந்தன. அதை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியிடம் கடற்படை வேகத்தைக் கேட்டது, நீண்ட தூரத்தைக் கேட்டது, 20 மில்லிமீற்றர் பீரங்கிகளையும் கேட்டது. கிடைத்த இயந்திரமோ ஆயிரம் குதிரைவலுவுக்கும் குறைந்தது. அவர் எடையைக் குறைத்துக்கொண்டே போனார். விமானிக்குக் கவசத் தகடு இல்லை. எரிபொருள் தாங்கிக்கும் பாதுகாப்பு இல்லை. ஆரம்பத்தில் ஸீரோவை எதிர்ப்பது கடினமாக இருந்தது. 1943இல் ஏறக்குறைய இரட்டிப்பு வலுவும் கவசமும் கொண்ட அமெரிக்க ஹெல்கட் வந்ததும் நிலைமை மாறியது. ஸீரோக்கள் தீப்பிடித்து விழுந்தன. விமானத்தை மீண்டும் செய்யலாம். தேர்ந்த விமானியை எங்கே தேடுவது?

இப்போது எங்களைப் பாருங்கள். பாடத்திட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அது வேகம். ஒரே பாடத்துக்கு இரண்டு, மூன்று டியூசன் வகுப்புகள், அது தாக்குவலு. விடியலில் பஸ் ஏறிப் பசறை தாண்டிப் பதுளை போய், இருட்டிய பின் லுணுகலைக்குத் திரும்பும் மாணவிகள் இருக்கிறார்கள். படித்ததை மீட்டிப் பார்க்க நேரமில்லை. தூக்கமில்லை. காய்ச்சல் வந்தாலும் வகுப்புத்தான். கவசத்தைக் கழற்றியே வேகத்தையும் வலுவையும் வாங்குகிறோம். பரீட்சை நெருங்கும்போதுதான் அது தெரியவரும்.

மெதுவாகப் படித்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கவசத்தை மட்டும் குவித்த ரோபோவும் நகர முடியாமல் அடிவாங்கும். பால்டியஸுக்குப் பல்ஸ் துப்பாக்கி போல, எந்தப் பாடத்தில் பலவீனமோ அதற்கு ஒரு வகுப்புப் போதும் என்பதே என் வாதம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வகுப்பைச் சேர்க்கும்போது, எதைக் கழற்றப் போகிறோம் என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். அவளிடம் பதில் இல்லையென்றால், கழற்றப்படுவது அவளுடைய தூக்கம்தான்.