யோகாவா, வார லீவா... போலீசாரின் ஸ்ட்ரெஸ் குறைய எது தேவை?

'ஸ்ட்ரெஸ்ஸா இருக்கா? வாக்கிங் போங்க, பாட்டு கேளுங்க, குடும்பத்தோட நேரம் செலவிடுங்க.' எல்லோருக்கும் சொல்லப்படும் அட்வைஸ்தான். ஆனால், எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டுமே? பந்தோபஸ்து முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, காலையில் மறுபடி ஸ்டேஷனுக்கு ஓடும் காவலர் எப்போது வாக்கிங் போவது?

2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியுடன் தமிழக போலீசாருக்கு மனநலப் பயிற்சி தொடங்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பிரச்னையின் வேரைத் தொட்டது 2021 நவம்பர் அரசாணை: இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் விடுப்பு.

ஒரு நாள் லீவில் என்ன ஆகிவிடும்? முதலில் தூக்கம். டூட்டி நேரம் மாறி மாறி வந்தால் அதுதான் முதலில் கெடும். தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும். அது புகார் கொடுக்க வருபவர் மீதும் பாயும், வீட்டில் பிள்ளைகள் மீதும் பாயும். சொந்தக்காரர் கல்யாணத்தில் அவசரமில்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை நாம் யாரும் ரிலாக்சேஷன் என்று சொல்வதில்லை. காவலருக்கு அதுவே பெரிய விஷயம்.

சிக்கல் எங்கே? திருவிழா, விஐபி வருகை என்றால் முதலில் ரத்தாவது இந்த லீவுதான். அரசாணை சரியாக அமலாகவில்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போனது. ஆள் குறைவான ஸ்டேஷனில் ஒருவர் லீவு எடுத்தால் அவர் வேலை அடுத்தவர் தலையில் விழும். அதனாலேயே பலர் கேட்கத் தயங்குகிறார்கள். காலியிடங்களை நிரப்பாமல் யோகா முகாம் மட்டும் நடத்தினால், அதுவும் இன்னொரு டூட்டிதான்.

மனம் விட்டுப் பேச டெலி மனாஸ் இலவச எண் 14416-ஐ காவலர்கள் உட்பட யாரும் 24 மணி நேரமும் அழைக்கலாம்.