சிறிய மின்கார்களும் பெரிய சட்டங்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசாத வீடு இன்று இல்லை. மின்சாரத்தால் ஓடும் சிறு கார் ஒன்று, மோட்டார் சைக்கிளைவிடச் சற்றே கூடுதலான விலையில் கிடைத்தால் எத்தனை குடும்பங்கள் பயன்பெறும்! ஆனால் அத்தகைய கார்களைச் செய்ய முன்வரும் சிறு நிறுவனங்கள், பாதுகாப்புச் சட்டங்களுக்கான செலவைத் தாங்க முடியாமல் தடுமாறுகின்றன. அவர்களுக்காகச் சட்டத்தைத் தளர்த்தலாமா என்பதே கேள்வி.

நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடி ‘ரேவா’. 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனியின் நிறுவனம் கொண்டுவந்த கார் அது. எஃகுச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் தகடுகள், ஈய-அமில மின்கலங்கள், அவ்வளவுதான். ‘ஜி-விஸ்’ என்னும் பெயரில் லண்டன் தெருக்களிலும் ஓடியது. ஐரோப்பியச் சட்டப்படி அது கார் அன்று, ‘குவாட்ரிசைக்கிள்’. மின்கலம் நீங்கலாக 400 கிலோவுக்கு மிகாத அவ்வகைக்கு அப்போது மோதல் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை. 2007-இல் அங்கே சோதித்துப் பார்த்தபோது அதன் பாதுகாப்புப் பற்றிக் கவலை எழுந்தது.

2010-இல் ரேவாவை மகிந்திரா நிறுவனம் வாங்கியது. 2013-இல் ‘இ2ஓ’ பிறந்தது. நம் நாட்டில் மோதல் சோதனை 2017 அக்டோபரில் புதிய மாதிரிகளுக்கும், 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. அதே 2019-இல் அச்சிறு காரின் கதையும் முடிந்தது.

சிறு நிறுவனத்தின் துன்பத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். சோதனைக்கும் அதற்கேற்ற மாற்றங்களுக்கும் 5 கோடி ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கார் விற்பவருக்குக் காருக்கு 500 ரூபாய். ஆயிரம் கார் விற்பவருக்கோ 50,000 ரூபாய்! சட்டம் ஒன்றே, சுமை ஒன்றா?

“காரின் விலை ஏறினால் ஏழை மோட்டார் சைக்கிளிலேயே போவான், அதற்கு ஏது பாதுகாப்பு?” என்று கேட்போர் உளர். வலுவான வாதம்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டின் ஒரே வண்டி மோட்டார் சைக்கிள். அதில் நால்வர் போவதும் உண்டு. ஆயினும் அவ்வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் படித்த பாடம். லண்டன் நகருக்குள் மெல்ல ஊரும் வண்டிக்குத் தந்த விலக்கு நமக்குப் பொருந்துமா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போக வேண்டுமானால் நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டும். அங்கே லாரிகளும் ஆம்னி பஸ்களும் சீறிப் பாய்கின்றன. சிறு கார் என்பதற்காக லாரி மெல்ல வந்து மோதாது.

மின்கலத்தின் கதையும் இதுவே. 2022 மார்ச்சில் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் மாண்டனர். நாட்டில் அவ்வாண்டு நிகழ்ந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பின்னரே, டிசம்பர் முதல் மின்கல விதிகள் கடுமையாக்கப்பட்டன. சாவுக்குப் பின் வரும் சட்டம் யாருக்கு இலாபம்?

ஆகவே, என் கருத்து இது: சோதனையைத் தளர்த்த வேண்டாம், சோதனைச் செலவைப் பங்கிட்டுக் கொள்வோம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கார் செய்வோரின் முதற் சோதனைச் செலவை அரசே ஏற்கலாம். ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பல நிறுவனங்கள் கூடி ஒரே அடிச்சட்டத்தைச் சோதித்துத் தேற்றி, அதன்மேல் தத்தம் கார்களைக் கட்டினால் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். நம் பொறியியல் கல்லூரிகள் கணிப்பொறியில் மோதலைக் கணக்கிட்டு உதவினால், உடைத்துப் பார்க்க வேண்டிய கார்களும் குறையும்.

மலிவான கார் ஏழைக்கு வேண்டும். மலிவான உயிர் ஏழைக்கும் இல்லை. இரண்டையும் மனத்தில் இருத்திச் சட்டம் செய்வோரே நாட்டுக்கு நன்மை செய்வோர்.