வறண்ட அருவி, நிரம்பிய சாலை: யோசமிட்டியின் கணக்கு

கலிபோர்னியா மாநிலத்தின் யோசமிட்டி தேசியப் பூங்கா, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ளது. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கோல்டன் கேட் பாலத்துக்கு அடுத்தபடியாக அவர்களை அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் இதுவே. ஆனால் ஆகஸ்ட் மாத இறுதியில் செல்வோருக்கு அருவிக்குப் பதிலாக வெறும் பாறையே காணக் கிடைப்பதுண்டு.

குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்தால் அருவியில் நீர் விழும். 739 மீட்டர் உயரமுள்ள யோசமிட்டி அருவியோ மாதங்களுக்கு முன் சியரா நெவாடா மலையில் விழுந்து உறைந்த பனியை நம்பியிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அது பெருகி ஓடும். கோடை முடிவதற்குள் பல ஆண்டுகளில் வற்றிவிடும்.

அப்படியானால் பனி குறைந்த ஆண்டில் பயணிகளும் குறைய வேண்டும் அல்லவா? புள்ளிவிவரங்கள் அவ்வாறு கூறவில்லை. 2015 ஏப்ரல் முதல் தேதியன்று சியராவின் பனியிருப்பு வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதமாக இருந்தது. அன்று அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பனி மூடியிருக்க வேண்டிய மலைப் புல்வெளியில் நின்றபடி, நகர்ப்புறங்களில் 25 சதவீத நீர்க் குறைப்பை அறிவித்தார். எனினும் அவ்வாண்டு யோசமிட்டிக்கு வந்தோர் 41 இலட்சத்துக்கும் அதிகம். முந்தைய ஆண்டில் அது 39 இலட்சத்துக்கும் குறைவு.

இதற்குச் சாலையும் ஒரு காரணம். சுமார் 3,030 மீட்டர் உயரத்தில் உள்ள டியோகா கணவாய் 2015-இல் மே 4-ஆம் தேதியே திறக்கப்பட்டது. பனி கொட்டித் தீர்த்த 2023-இலோ அது ஜூலை 22 வரை மூடியே கிடந்தது. அவ்வாண்டு பனிப்பொழிவால் பூங்காவே சில வாரங்கள் மூடப்பட்டது. அருவிகள் பல ஆண்டுகளில் காணாத வேகத்தில் ஓடியபோதும் வந்தவர்கள் ஏறத்தாழ 39 இலட்சம் பேர்தான். 2016-இல் 50 இலட்சத்தைத் தாண்டியதற்கு வானிலையைவிடத் தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டு விழா விளம்பரமே முக்கிய காரணம் எனலாம். 2020-க்குப் பிந்தைய எண்ணிக்கைகளில் பெருந்தொற்றின் தாக்கமும், சில ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த முன்பதிவு விதிகளின் தாக்கமும் கலந்துள்ளன.

ஆகவே வானிலை மாற்றம் ஆண்டு மொத்தத்தைவிட, மக்கள் வரும் மாதங்களையே அதிகம் மாற்றுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 340 அமெரிக்கப் பூங்காக்களின் 1979 முதல் 2013 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதற்கு வலுச் சேர்க்கிறது. மாதச் சராசரி வெப்பநிலை 25 பாகை செல்சியஸை எட்டும் வரை பயணிகள் பெருகுகின்றனர். அதைக் கடந்ததும் எண்ணிக்கை வேகமாகச் சரிகிறது என அது கண்டறிந்தது. டெக்சாஸ் தமிழர்களுக்கு இது புதிதல்ல. அங்குள்ள பிக் பெண்ட் பூங்காவில் மார்ச் மாதம் நெரிசல் மிகும். கோடையில் ஆள் நடமாட்டம் குறையும்.

காட்டுத்தீயின் கதை வேறு. 2018 ஜூலை 13-ஆம் தேதி தொடங்கிய பெர்குசன் தீயில் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். யோசமிட்டிப் பள்ளத்தாக்கு ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 14 வரை, கோடையின் உச்சத்தில், புகை மற்றும் தீ காரணமாக மூடப்பட்டது. முந்தைய ஆண்டில் சுமார் 43 இலட்சமாக இருந்த வருகை அவ்வாண்டு 40 இலட்சமாகக் குறைந்தது.

மொத்தத்தில் இது சிறிய சரிவாகத் தோன்றலாம். மாரிபோசா போன்ற வாயில் ஊர்களில் விடுதி அறைகளைத் துப்புரவு செய்வோருக்கும் உணவகப் பணியாளர்களுக்கும் அப்படியல்ல. கோடையின் சில வாரங்களில் ஈட்டுவதைக் கொண்டே அவர்களில் பலர் குளிர்காலத்தைக் கடத்துகின்றனர். அக்டோபரில் கூட்டம் கூடினாலும் ஜூலை மாத வாடகையைச் செலுத்த அது உதவாது. சாரல் பொய்த்த ஆண்டில் குற்றாலத்துச் சிறு கடைக்காரரின் நிலையும் இதுவே.

வளைகுடாப் பகுதிக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. பனி முன்கூட்டியே உருகும் ஆண்டுகளில் அதற்குள் அருவியின் உச்சம் கடந்துவிடுகிறது. சென்னை வெயிலுக்கு அஞ்சி ஏப்ரலில் வந்து சேரும் பெற்றோரை, பேரப்பிள்ளைகளின் விடுமுறைக்குக் காத்திராமல் மே மாத வார இறுதியொன்றில் அழைத்துச் செல்வதே மேல். அறைகளை மட்டும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். அப்போது மலையில் எவ்வளவு பனி விழும் என்பது எவருக்கும் தெரிந்திருக்காது.